எடை ஏறினவர்தான் பெரியவரா? கிராஃபோர்டு, உசிக், இனோவே

கோபி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊர்க் கபடியில் 60 கிலோ பிரிவு ஆடுகிறவர், பாக்ஸிங்கும் விடாமல் பார்க்கிறவர். கேள்வி இதுதான்: "ஏனுங்ணா, கிராஃபோர்டு, உசிக், இனோவே மூணு பேருமே தோத்ததே இல்லை. ஒருத்தர் அம்பத்தஞ்சு கிலோ, ஒருத்தர் நூறு கிலோ. ஒட்டுக்கா நிக்க வெச்சு யாரு பெருசுன்னு எப்படிங் சொல்றது? எத்தனை எடைப் பிரிவு ஏறி ஜெயிச்சாங்கன்னு எண்ணுனா கிராஃபோர்டுதானுங்களே முதல்ல வரணும்?"

முதலில் என் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வாருங்கள். உக்ரைனின் உசிக், அமெரிக்காவின் கிராஃபோர்டு, ஜப்பானின் இனோவே. நீங்கள் சொல்கிற கணக்குப்படி போனால் கிராஃபோர்டு ஐந்து பிரிவு, இனோவே நான்கு, உசிக் வெறும் இரண்டு. அதாவது நான் முதலில் வைப்பவர் உங்கள் கணக்கில் கடைசி. பிரிவுகளை எண்ணுவது பாக்ஸிங்கில் இருக்கிற தராசுகளிலேயே மோசமான தராசு என்பது என் கட்சி.

ஏன் என்று பார்ப்போம். ஆண்கள் தொழில்முறை பாக்ஸிங்கில் 17 எடைப் பிரிவுகள். (சில சங்கங்கள் பிரிட்ஜர்வெயிட் என்று இன்னொன்றையும் நுழைத்திருக்கின்றன, அதை விடுங்கள்.) அடியில் 47.6 கிலோ. அங்கிருந்து 61.2 கிலோ லைட்வெயிட் வருவதற்குள் ஒன்பது பிரிவுகள் முடிந்துவிடும். பதின்மூன்றரை கிலோவுக்குள் ஒன்பது பட்டம்! 52.2 கிலோவிலிருந்து 53.5க்குப் போனாலே அடுத்த பிரிவு. ஏறினது ஒரு கிலோ சொச்சம், உடம்பில் சுமார் இரண்டரை சதவீதம்தான். மேலே போனால் 79.4க்கு அடுத்தது 90.7. ஒரே படி, ஆனால் 14 சதவீதம். அதற்கும் மேலே ஹெவிவெயிட். அங்கே உச்சவரம்பே கிடையாது, ஏறவும் இடம் கிடையாது. முகம்மது அலி எத்தனை பிரிவில் சாம்பியன்? ஒன்று. ஜோ லூயிஸ்? ஒன்று. இந்தத் தராசில் வைத்தால் அவர்கள் இரண்டு பேரும் யாரோ எவரோ ஆகிவிடுவார்கள்.

இந்த எண்ணிக்கையை எப்படி வளைக்கலாம் என்பதற்கு 1988 நவம்பரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சுகர் ரே லெனார்ட், டானி லலோண்டோடு மோதினார். லலோண்ட் 79.4 கிலோ பிரிவில் டபிள்யூபிசி என்ற சங்கத்தின் சாம்பியன். ஆனால் ஒப்பந்தத்தில் எடை 76.2 கிலோ என்று போட்டார்கள். அப்போதுதான் அந்தச் சங்கம் 76.2 கிலோவுக்கும் புதிதாக ஒரு பட்டம் உருவாக்கியிருந்தது. ஆக, ஒரே சண்டையில் இரண்டு பிரிவின் பட்டமும் பந்தயத்தில். லெனார்ட் நாலாவது ரவுண்டில் கீழே விழுந்தார், எழுந்து வந்து ஒன்பதாவதில் லலோண்டை முடித்தார். நல்ல சண்டை, சந்தேகமே இல்லை. ஆனால் அன்று இரவு அவர் பெயருக்கு எதிரே "இரண்டு பிரிவு" என்று ஏறியதே, அது குத்தில் வந்ததல்ல, காகிதத்தில் வந்தது. இதோடு ஹென்றி ஆம்ஸ்ட்ராங்கை வைத்துப் பாருங்கள். உலகத்தில் எட்டே பிரிவுகள் இருந்த காலத்தில், 1938இல், மூன்றின் பட்டத்தை ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தவர். அன்றைய மூன்றும் இன்றைய மூன்றும் ஒன்றல்ல.

பெல்ட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நான்கு சங்கங்கள். அதிலும் டபிள்யூபிஏ ஒரே எடைக்கு சூப்பர் சாம்பியன், ரெகுலர் சாம்பியன், இன்டரிம் சாம்பியன் என்றெல்லாம் வைத்திருக்கும். அதனால் நான்கு பெல்ட்டையும் ஒருவரே சேர்த்தால்தான் அன்டிஸ்ப்யூட்டட் என்கிறோம். ஆண்களில் அதை முதலில் செய்தவர் பெர்னார்ட் ஹாப்கின்ஸ், 2004இல். நீங்கள் கேட்ட மூன்று பேருமே இரண்டு பிரிவுகளில் இதைச் செய்தவர்கள்: கிராஃபோர்டு 2017லும் 2023லும், இனோவே 2022லும் 2023லும், உசிக் 2018லும் 2024லும். கிராஃபோர்டு 2025 செப்டம்பரில் மெக்சிகோவின் கனேலோவை வென்று மூன்றாவதையும் சேர்த்தார். ஆக பெல்ட் தராசு இவர்களைப் பெரிதாகப் பிரிக்காது.

அடுத்து எடை போடுகிற விஷயம். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காங்கேயம் பக்கம் நோம்பிக்கு நடக்கிற 60 கிலோ கபடியில் மத்தியானம் எடை போடுவார்கள், ஆட்டம் ராத்திரி லைட் வெளிச்சத்தில். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல், வேகாத வெயிலில் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு கிரவுண்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பார்கள் பையன்கள். மெஷினில் ஏறினால் 60.3 காட்டும். இறங்கி, பனியனைக் கழற்றி, ஓரமாகப் போய் எச்சிலைத் துப்பிவிட்டு மறுபடி ஏறுவார்கள். 60 காட்டியதும் முதல் வேலை, தூக்குப்போசியைத் திறந்து அரிசிம்பருப்பு சாதத்தை ஒரு பிடி பிடிப்பதுதான். ராத்திரி களத்தில் இறங்கும்போது அதே பையன் 62, 63.

தொழில்முறை பாக்ஸிங்கில் எடை போடுவது முந்தின நாள். அதனால் இந்த வித்தை இன்னும் பெரிய அளவில் நடக்கும். 2010இல் பிலிப்பைன்ஸின் பக்கியாவ் மெக்சிகோவின் மார்கரிட்டோவோடு மோதியது 69.9 கிலோ பட்டத்துக்கு, ஆனால் ஒப்புக்கொண்ட எடை 68 கிலோ. மறுநாள் ரிங்கில் ஏறியபோது மார்கரிட்டோ கிட்டத்தட்ட 75, பக்கியாவ் 67. எட்டு கிலோ வித்தியாசம். பட்டியலில் மட்டும் "இருவரும் ஒரே பிரிவு" என்று இருக்கும். ஐபிஎஃப் சங்கம் மட்டும் சண்டை நாள் காலையில் மறுபடி ஏறச் சொல்லி, பத்து பவுண்டுக்கு மேல் கூடியிருக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறது. மற்றபடி, எடைப் பிரிவின் பெயரை வைத்து யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்று சொல்லவே முடியாது.

சரி, எடை என்னதான் செய்கிறது? பெரிய ஆள் பலமாகக் குத்துவான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் முக்கியமானது வேறு. நான் கோவையில் பையன்களுக்கு பேட் பிடிக்கிறவன். சில நேரம் 57 கிலோ பையனையும் 75 கிலோ பையனையும் சேர்த்து ஸ்பாரிங் விடுவேன், பெரியவனிடம் ஒரு நிபந்தனையோடு: குத்தாதே, சாய்ந்துகொண்டே இரு. அவன் செய்வது இவ்வளவுதான். கிளிஞ்சில், அதாவது கட்டிப் பிடித்து நிற்கும்போது, முன்கையைச் சின்னவன் பிடரியில் போட்டு, மார்பை அவன் தோளில் வைத்து, தன் எடையை அவன் மேல் விடுவான். சின்னவன் கழுத்தால் தாங்குவான், தொடையால் தாங்குவான். இரண்டாவது ரவுண்டு பாதியில் அவன் கால் அகலமாகிவிடும். மூன்றாவதில் கார்டு, அதாவது முகத்தைக் காக்கிற கை, தாடையிலிருந்து மார்புக்கு இறங்கிவிடும். ஒரு குத்துகூட வாங்கியிருக்க மாட்டான், ஆனால் அவனிடம் ஜாப், அதாவது முன்னால் இருக்கிற கையால் போடும் நேர்க்குத்து, செத்துப் போயிருக்கும். எடை விட்டுக்கொடுப்பது என்றால் இதுதான். பெரிய ஆளைக் குத்தி ஜெயிப்பதற்கு முன்னால், அவன் உங்கள் மேல் சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கால் வேண்டும், பன்னிரண்டு ரவுண்டும் வேண்டும்.

பளுதூக்குதலில் இந்தத் தலைவலி இல்லை. அங்கே சின்கிளேர் கணக்கு என்று ஒன்று உண்டு. உடல் எடையையும் தூக்கிய எடையையும் போட்டால் யார் பெரியவர் என்று எண்ணாக வந்துவிடும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் நயீம் சுலைமானோக்லு 60 கிலோ பிரிவில் நின்று 190 கிலோ தூக்கினார். தன் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். எந்தப் பெரிய உடம்புக்காரரும் அந்த விகிதத்தின் பக்கத்தில்கூட வர முடியாது. உடம்பு பெருக்கும் அளவுக்குத் தசையின் பலம் பெருகுவதில்லை என்பதால், சின்ன உடம்புக்கு விகிதத்தில் எப்போதும் லாபம். ஆனால் இரும்புக் குண்டு திருப்பி அடிக்காது. பாக்ஸிங்கில் எதிரே நிற்பவன்தான் பாதிக் கணக்கு. அதனால் சூத்திரம் போட முடியாது, சண்டைகளைத்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் பார்ப்பது: எதிராளி யார், அவர் வாழ்க்கையில் அது எந்தக் கட்டம், சண்டை யார் ஊரில் நடந்தது, ரிங்குக்குள் நம் ஆள் உண்மையில் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்.

இந்தக் கண்ணோடு கிராஃபோர்டைப் பாருங்கள். நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாக்காரர். 2014இல் கிளாஸ்கோவுக்குப் போய், உள்ளூர்க்காரர் ரிக்கி பர்ன்ஸை வென்று லைட்வெயிட் பட்டம் எடுத்தார். அவருடைய உச்சம் என்று எல்லோரும் கனேலோ சண்டையைச் சொல்கிறார்கள். நான் 2023 ஜூலையில் லாஸ் வேகஸில் எரால் ஸ்பென்ஸோடு நடந்ததைத்தான் சொல்வேன். ஸ்பென்ஸ் தோல்வியே காணாதவர், மூன்று பெல்ட் வைத்திருந்தவர், இயற்கையாகவே கிராஃபோர்டைவிடப் பெரிய உடம்பு. இரண்டாவது ரவுண்டில் ஒரு முறை, ஏழாவதில் இரண்டு முறை கீழே போட்டு, ஒன்பதாவதில் முடித்துவிட்டார். சவுத்பாவாக, அதாவது வலது கையை முன்னால் வைத்து நின்று கிராஃபோர்டு போட்ட வலது கை ஜாப், ஸ்பென்ஸின் ஜாப் வருவதற்கு அரை நொடி முன்னால் போய் நின்றது. ஸ்பென்ஸ் 2019இல் மோசமான கார் விபத்தில் சிக்கினவர், 2021இல் விழித்திரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்தான். ஆனாலும் தன் காலத்தின் முதல் எதிரியை இவ்வளவு ஒருதலையாக அடித்த சண்டை இந்த நூற்றாண்டில் அதிகமில்லை.

கனேலோ சண்டைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 14, நமக்கு ஞாயிறு காலை, நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. 69.9 கிலோவிலிருந்து 72.6ஐத் தாண்டி நேராக 76.2. "இரண்டு படி தாவினார்" என்று தலைப்புப் போட்டார்கள். படியை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். கனேலோ முதல் உலகப் பட்டம் எடுத்ததே 69.9 கிலோவில்தான். உயரத்தில் கிராஃபோர்டு அவரைவிடத் துளி அதிகம், கை நீளம் மூன்றரை அங்குலம் அதிகம். அதாவது பெரிய லைட்வெயிட் ஒருவரும் குட்டையான சூப்பர் மிடில்வெயிட் ஒருவரும் நடுவழியில் சந்தித்துக்கொண்டார்கள். கனேலோ 2022இல் பிவோலிடம் தோற்றபிறகு பழைய கனேலோவாகவும் இல்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, 38ஐத் தொட இரண்டே வாரம் இருந்த ஒருவர், எழுபதாயிரம் பேருக்கு நடுவில், பின்பாதியில் ஓடாமல் கனேலோவின் முன்னாலேயே நின்று 116-112, 115-113, 115-113 என்று எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மகத்தான வெற்றி. ஐந்து பிரிவு என்ற எண்ணால் அல்ல, அந்த வயதில் அந்த நிதானத்தால். அந்த டிசம்பரிலேயே 42 சண்டை, 42 வெற்றியோடு ஓய்வு அறிவித்துவிட்டார்.

அதே ஞாயிறு சாயங்காலம் ஜப்பானில் நகோயாவில் இனோவே, அக்மதலியெவோடு ஆடினார். காலையில் ஒரு மகான், மாலையில் ஒரு மகான். பாக்ஸிங் பிரியர்களுக்கு அப்படி ஒரு நாள் அடிக்கடி வாய்ப்பதில்லை. நம் பக்கத்தில் காலைச் சண்டையைப் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மாலைச் சண்டை இருப்பதே தெரியாமல் தூங்கிவிட்டார்கள். சின்ன எடைக்காரர்களின் தலைவிதி அது. விஷயம் தெரிந்தவர்கள்தான் பார்ப்பார்கள்.

இனோவேயைக் கடைசியில் வைக்கிறேனே தவிர, குறைத்துப் பேசவில்லை. தொழில்முறையில் ஆறாவது சண்டையிலேயே உலகப் பட்டம். எட்டாவது சண்டையில் இரண்டு படி ஏறி, பல வருஷம் பட்டம் காத்த நர்வயேஸை இரண்டு ரவுண்டில் முடித்தார். 2025 முடிவு வரை 32 வெற்றிகள், அதில் 27 நாக் அவுட். சின்ன எடையில் இப்படி ஒரு விகிதம் அபூர்வம், அங்கே பெரும்பாலும் வேகமும் புள்ளியும்தான் பேசும். இடது கையால் ஈரலில் போடுகிற அந்த ஹூக், வாங்கினவர் முகத்தில் வலி தெரிவதற்குள் ஒரு நொடி தாமதமாகும், பிறகு மண்டி போடுவார். 2023 ஜூலையில் 55.3 கிலோவுக்கு ஏறிய முதல் சண்டையிலேயே, அந்தப் பிரிவில் இரண்டு பெல்ட்டோடு தோல்வியில்லாமல் இருந்த ஃபுல்டனை எட்டாவது ரவுண்டில் நிறுத்தினார். ஃபுல்டன் அவரைவிட உயரம், இயற்கையான அந்த எடைக்காரர். என்னைக் கேட்டால் இனோவேயின் மிகச் சிறந்த இரவு அதுதான்.

பிறகு ஏன் மூன்றாவது? 49 கிலோவில் ஆரம்பித்து 55.3 வரை நான்கு பட்டம் என்றாலும், மொத்த ஏற்றம் 13 சதவீதம்தான். கிராஃபோர்டுடையது 24. அதைவிட முக்கியம், கிராஃபோர்டுக்கு ஒரு ஸ்பென்ஸும் உசிக்குக்கு ஒரு ஃபியூரியும் வாய்த்த மாதிரி ஒரு எதிராளி இனோவேக்கு அவர் காலத்தில் கிடைக்கவில்லை. பெரிய பெயர் என்றால் பிலிப்பைன்ஸின் டோனைர், 2019இல் மோதியபோது அவருக்கு 37 ஆகப்போகிறது. நெரியும் கார்டெனஸும் இனோவேயைக் கீழே தள்ளினார்கள், இரண்டு முறையும் எழுந்து வந்து எதிராளியை நிறுத்தினார். அதை நான் குறையாக எண்ணவில்லை. விழாதவனைவிட விழுந்து எழுந்தவனைப் பற்றி நமக்கு அதிகம் தெரியும். எதிராளிகளின் தரம்தான் என் தயக்கம். அது அவர் தப்பும் இல்லை.

இப்போது உசிக். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

முதலில் ஊர். பட்டம் எடுத்தது 2016இல் போலந்தில், போலந்துக்காரர் குவோவாட்ஸ்கியிடம். பிறகு பெர்லினில் ஜெர்மனியின் ஹுக், ரீகாவில் லாட்வியாவின் பிரியெடிஸ், மாஸ்கோவில் ரஷ்யாவின் கஸ்ஸியெவ், மான்செஸ்டரில் இங்கிலாந்தின் பெல்லூ, லண்டனில் ஜோஷுவா. ஒவ்வொன்றும் எதிராளி வீட்டு வாசலிலேயே. புள்ளி போடுகிற விளையாட்டில் இதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியும். வெளியூர் அணி ஒரு பாயின்ட்டில் ஜெயித்தால் நம் ஊரில் ரெஃப்ரி என்ன செய்வார்? மாஸ்கோவில் ஒரு உக்ரைன்காரர், 2018இல், மூன்று ஜட்ஜும் ஏறக்குறைய எல்லா ரவுண்டையும் அவருக்கே கொடுக்கும்படி ஆடினார்: 120-108, 119-109, 119-109. விவாதத்துக்கே இடம் வைக்கவில்லை.

அடுத்து எடை. 90.7 கிலோ பிரிவை முடித்துவிட்டு மேலே வந்தார். ஜோஷுவாவோடு முதல் சண்டையில் எட்டரை கிலோ விட்டுக்கொடுத்தார். இங்கிலாந்து ஹெவிவெயிட் ஃபியூரியோடு 2024 மே மாதம் ரியாத்தில் 17 கிலோ. டிசம்பரில் இரண்டாவது முறை, ஃபியூரி 127.5, உசிக் 102.5. முழுதாக 25 கிலோ. சதவீதத்தில் 24. கிராஃபோர்டு பத்து வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு ஏறிய தூரத்தை, உசிக் ஒரே இரவில் எதிரே நிறுத்தி வைத்து ஆடினார். உங்கள் 60 கிலோ கணக்குக்கு மாற்றினால், எதிர் அணியில் எழுபத்து நாலரை கிலோ ஆள். இனோவேக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 69 கிலோ ஆள். அப்படி ஒரு சண்டையை யாரும் அனுமதிக்கவே மாட்டார்கள். ஹெவிவெயிட்டில் மட்டும் அது சட்டப்படி சரி.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஃபியூரியின் 127 கிலோவும் தசை இல்லை, இடுப்பைச் சுற்றி இருந்ததைக் கேமராவே காட்டியது. ஒரு அளவுக்கு மேல் எடை வேகத்தைத் தின்றுவிடும், ஆகவே 24 சதவீதம் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே சொன்னேனே, சாய்வதற்குத் தசை தேவையில்லை, எடை போதும். ஃபியூரியின் ஆட்டமே சாய்வதுதான். 206 சென்டிமீட்டர் உயரம், அதில் பிடரியில் கையைப் போட்டுத் தொங்கி அமெரிக்க ஹெவிவெயிட் வைல்டரைக் களைக்கவைத்தவர். உசிக்கை அவர் 24 ரவுண்டில் எத்தனை முறை அப்படிப் பிடிக்க முடிந்தது என்று பாருங்கள். பிடிக்கக் கை நீட்டும்போது ஆள் அங்கே இருக்க மாட்டார்.

முதல் சண்டையின் புள்ளியைக் கொஞ்சம் பிரித்துக் காட்டுகிறேன், ஏனென்றால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. 115-112 உசிக், 114-113 ஃபியூரி, 114-113 உசிக். ஒன்பதாவது ரவுண்டில் உசிக்கின் இடது கையில் ஃபியூரி ஆடிப்போய், மூலைக்கு மூலை கயிற்றில் மோதித் தள்ளாடினார். ரெஃப்ரி உள்ளே புகுந்து எண்ணினார். சும்மா ரவுண்டைத் தோற்றால் 10-9, எண்ணப்பட்டால் இன்னொரு புள்ளி போகும், அதனால் அந்த ரவுண்டு 10-8. அந்த எண்ணிக்கை இல்லாமல் 10-9 என்று போயிருந்தால்? 115-113, 113-115, 114-114. டிரா. அந்த ஒரு புள்ளியில்தான் நான்கு பெல்ட்டும் நின்றது. நாலாவதிலிருந்து ஏழாவது வரை ஃபியூரி அப்பர்கட்டால் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தார், ஆறாவதில் உசிக் நிஜமாகவே சிரமத்தில் இருந்தார். எட்டாவதில் மூக்கை உடைத்து ஆட்டத்தைத் திருப்பி, ஒன்பதாவதில் இதைச் செய்தார். இரண்டாவது சண்டையில் இழுபறியே இல்லை, மூன்று ஜட்ஜும் 116-112.

உசிக் மேல் கறையே இல்லையா என்றால், இருக்கிறது. 2023இல் போலந்தின் விரோட்ஸ்வாஃபில் இங்கிலாந்து ஹெவிவெயிட் டுபுவா போட்ட குத்து பெல்ட் கோட்டுக்குக் கீழேயா மேலேயா என்று இன்றைக்கும் அக்கப்போர் ஓயவில்லை. ரெஃப்ரி கீழே என்று சொல்லி உசிக்குக்கு ஓய்வு நேரம் கொடுத்தார். அன்றைக்கு அரங்கம் நிறைய உக்ரைன் மக்கள், வெளியூர் என்று சொல்லவும் முடியாது. 2025 ஜூலையில் அதே டுபுவாவை, அவர் ஊரான லண்டனில், வெம்ப்லியில், ஐந்தாவது ரவுண்டில் சாய்த்தபிறகு அந்தப் பேச்சுக்கு எடை குறைந்துவிட்டது. 2025 முடிவு வரை மொத்தம் 24 சண்டைதானே என்பார்கள். 24தான். ஆனால் அதில் சும்மா கணக்குக்கு வந்தவர்கள் குறைவு.

தோல்வியில்லாத பட்டியலைப் பெரிதாக நினைக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேவெதரின் 50-0 என்பதில் ஐம்பதாவது ஆள், தொழில்முறை பாக்ஸிங்கில் அன்றைக்குத்தான் முதல் சண்டை ஆடிய மெக்ரெகர். மேவெதர் மகா கலைஞர், அதில் மாற்றுக் கருத்தில்லை, ஆனால் அந்த எண் அவருக்கு அழகு சேர்க்கவில்லை. சுகர் ரே ராபின்சனுக்கு 19 தோல்விகள். அதில் ஒன்று 1952 ஜூன் 25, யாங்கி ஸ்டேடியம். எடையில் ஏழு கிலோ கூடுதலான லைட் ஹெவிவெயிட் சாம்பியன் மாக்ஸிமோடு. அன்றைய புழுக்கத்தில் ரெஃப்ரியே தாங்க முடியாமல் நடுவில் மாற்றப்பட்டார். மூன்று ஜட்ஜின் புள்ளி அட்டையிலும் முன்னால் இருந்த ராபின்சன், 13ஆவது ரவுண்டுக்குப் பிறகு நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. அவர் பட்டியலில் அது "தோல்வி". என்னிடம் அது பல பேருடைய வெற்றிகளைவிடக் கனம்.

அதே காரணத்தால், கேட்கப்படாத ஒரு பெயரைச் சொல்கிறேன். இந்த மூன்று பேருக்கும் மேலே பக்கியாவ். 1998இல் 50.8 கிலோ பட்டம். அடுத்த வருஷம் எடைக்கு உடம்பு இறங்காமல் பட்டத்தை மெஷினிலேயே இழந்து, நாக் அவுட்டும் ஆனவர். அங்கிருந்து நேராக 55.3க்குத் தாவி, 2001இல் லெட்வாபாவை நொறுக்கி, பிறகு பரேரா, மார்க்வெஸ், ஹாட்டன், கோட்டோ என்று அந்தந்தப் பிரிவின் முதல் வரிசைக்காரர்களையே தேடிப் போனார். எட்டுப் பிரிவு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மேலே சொன்ன மார்கரிட்டோ சண்டை மாதிரி கேட்ச்வெயிட், அதாவது ஒப்பந்தத்தில் எடையை இறக்கிக்கொள்ளும் சலுகை, அதிலும் உண்டு. எதிராளிகளின் பெயர்களைப் பாருங்கள், அதுதான் பட்டியல். நிறையத் தோற்றிருக்கிறார், 2012இல் மார்க்வெஸிடம் முகம் குப்புற விழுந்திருக்கிறார். 40 வயதில், தோல்வியே காணாத தர்மனைக் கீழே தள்ளியும் ஜெயித்திருக்கிறார்.

பெண்கள் பாக்ஸிங்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எடை விட்டுக்கொடுப்பது என்றால் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. மேரி கோம் ஆறு உலகத் தங்கங்களையும் எடுத்தது 45, 46, 48 கிலோ பிரிவுகளில். 2012இல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்கள் பாக்ஸிங் வந்தபோது வைத்தது மூன்றே பிரிவு: 51, 60, 75. அவர் 51க்கு ஏறி, நிஜமான 51 கிலோக்காரர்களோடு மோதி வெண்கலம் எடுத்தார். அரையிறுதியில் அவரை வென்ற நிகோலா ஆடம்ஸ் தங்கமே எடுத்தார். அந்த வெண்கலத்தைத் தங்கங்களுக்குக் கீழே வைக்கிறவர்கள், மெஷினைப் பார்க்காமல் மெடலை மட்டும் பார்க்கிறார்கள்.

பார்க்கணும் என்றால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் உசிக், ஃபியூரி, மே 2024. கமென்ட்ரியை அணைத்துவிடுங்கள், கையைப் பார்க்காதீர்கள். உசிக்கின் வலது கால் ஃபியூரியின் இடது காலுக்கு வெளிப்பக்கம் போய் நிற்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு ரவுண்டிலும் கவனியுங்கள். நிற்கிற ரவுண்டுகள் பெரும்பாலும் அவருடையவை. அப்புறம் கிராஃபோர்டு, ஸ்பென்ஸ், ஏழாவது ரவுண்டை இரண்டு தடவை போட்டுப் பாருங்கள். கடைசியாக இனோவே, டோனைர், 2019, சைத்தாமா. இரண்டாவது ரவுண்டிலேயே இனோவேக்குக் கண்குழி எலும்பு உடைந்துவிட்டது, அவருக்கு டோனைர் இரண்டு பேராகத் தெரிந்திருக்கிறார். அந்தக் கண்ணோடு இன்னும் பத்து ரவுண்டு ஆடி, 11ஆவதில் வயிற்றில் ஒன்று போட்டு டோனைரை முதுகு காட்டி நடக்கவைத்தார். அதைப் பார்த்துவிட்டு இனோவேயை இரண்டாவதுக்கு ஏற்ற வேண்டும் என்று நீங்கள் எழுதினால், நான் ரொம்பவெல்லாம் மல்லுக்கட்ட மாட்டேன். முதலிடத்தைப் பற்றி மட்டும் பேச்சே கிடையாதுங்க.